கோழியும் பரிணாமக் கொள்கையும்

உலகத்து உயிர்கள் எண்ணிறந்தன. அவற்றை வகைப்படுத்திக் காணும் விருப்பம் மனிதனுக்குத் தொன்றுதொட்டு உண்டு. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக ஆறு கூறாக்கிற்று. மேல்நாட்டில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்பார், தாம் அறிந்த பிராணிகள் அனைத்திற்கும் இரண்டு சொற்களால் ஆன பெயரிட்டு, 1758இல் தம் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். ஆயினும் வகுத்தல் வேறு. வகுக்கப்பட்டவை எங்ஙனம் தோன்றின என்று வினாவுதல் வேறு. மயிலும் கோழியும் ஒன்றையொன்று ஒத்தும் ஒவ்வாதும் இருப்பது ஏன்? மலைக்காட்டில் ஒளிந்து திரியும் கோழிக்கும் நம் வாயிலில் குப்பை கிளறும் கோழிக்கும் உறவு யாது? இவ்வினாக்களுக்குப் பழைய அறிவியலார் கூறிய விடைகளையும், அவ்விடைகளுள் எவை நின்றன, எவை வீழ்ந்தன என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். சான்றுக்குத் தொலைவில் உள்ள பிராணிகளைத் தேட வேண்டுவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் யாவரும் அறிந்த கோழியே போதும்.

கோழியைச் சிறு பொருள் என்று எவரும் இகழ வேண்டா. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பது மற்றொரு பெயர். முருகன் கொடியில் நிற்பதும் சேவலே. பழைய சேலம் ஜில்லாவினின்று பிரிந்து 1997 முதல் தனி ஜில்லாவாக விளங்கும் நாமக்கல்லிலோ, நாளொன்றுக்குப் பல கோடி முட்டைகள் லாரிகளில் ஏறி வெளியூர் செல்கின்றன. இவை ஒருபுறமிருக்க, பரிணாமக் கொள்கையை நிலைநாட்டிய சார்லஸ் டார்வினே 1868இல் வெளியிட்ட ஒரு பெரிய நூலில் கோழிக்கென்று ஓர் இயலை ஒதுக்கினார்.

பிராணிகளின் ஜாதிகள் மாறக்கூடியவை என்னும் எண்ணம் டார்வினுக்கு முன்னரே தோன்றியிருந்தது. பிரான்ஸ் தேசத்துப் புபோன் அதனைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். டார்வினுடைய பாட்டனாராகிய எராஸ்மஸ் டார்வின் 1794இல் சற்றுத் துணிந்து எழுதினார். முறையான ஒரு கொள்கையாக அதனை வகுத்தவர் லாமார்க்கு என்பவர். அவரது நூல் 1809இல் வெளிவந்தது. அவர் கூறியது இது: சூழ்நிலை மாறும்போது பிராணியின் தேவைகள் மாறுகின்றன, தேவைகள் மாறவே பழக்கங்கள் மாறுகின்றன, மிகுதியாகப் பயன்படும் உறுப்பு வளர்கிறது, பயன்படாத உறுப்பு தேய்கிறது, இங்ஙனம் ஒரு வாழ்நாளில் அடைந்த மாறுதல் சந்ததிக்கும் இறங்குகிறது. ஒட்டகச்சிவிங்கி உயர்ந்த கிளைகளின் தழையை எட்டி எட்டித் தின்றமையால் அதன் கழுத்து தலைமுறைதோறும் நீண்டது என்பது அவர் காட்டிய உதாரணம்.

கேட்பதற்கு இனிய கொள்கை இது. கருமான் மகனுக்குத் தோள்வலி பிறப்பிலேயே உண்டு என்று ஊரார் சொல்வதும் இதனையே ஒட்டியது. ஆயின், சோதனைக்கு இது நிற்குமா? தமிழ்நாட்டில் எத்தனையோ தலைமுறைகளாகக் குழந்தைகளுக்குக் காது குத்தி வருகிறோம். துளையுள்ள காதோடு ஒரு குழந்தையும் இதுவரை பிறந்ததில்லை. நாமக்கல் பண்ணைகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தாவண்ணம் குஞ்சுப் பருவத்திலேயே அலகின் நுனியைக் களைந்துவிடுகின்றனர். எத்தனை தலைமுறை இங்ஙனம் செய்தும், முட்டையினின்று வெளிவரும் ஒவ்வொரு குஞ்சும் முழு அலகோடுதான் வருகிறது. ஜெர்மன் தேசத்து வைஸ்மன் என்பார் 1880களில் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தும் வாலற்ற எலி பிறக்கக் கண்டிலர். வெட்டுக்காயம் லாமார்க்கு கூறிய பழக்கம் ஆகாதே என்று சிலர் தடை கூறலாம்; அது நியாயமே. எனினும், உடம்பு வாழ்நாளில் அடையும் பயிற்சியின் பயனும் சந்ததிக்கு அவர் கருதியவாறு இறங்குவதாகப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டவில்லை. அவர் காட்டிய வழி பிழைபட்டதாயினும், ஜாதிகள் இயற்கை நியதிகளால் மாறுகின்றன என்று அஞ்சாது முழங்கிய பெருமை அவருக்கு உரியதே.

மற்றொரு வழியைக் காண்பதற்குக் கணிதம் துணை செய்தது. மால்த்தஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளாதார நூலார், மக்கட்பெருக்கம் உணவுப்பெருக்கத்தை விஞ்சும் என்று 1798இல் எழுதினார். அக்கணக்கைக் கோழிக்கு இட்டுப் பார்ப்போம். ஒரு சேவலும் ஒரு பெட்டையும் ஆண்டுக்குப் பத்துக் குஞ்சுகளை வளர்க்கின்றன. அவற்றுள் பாதி பெட்டை. ஒன்றும் இறவாமல் அடுத்த ஆண்டு எல்லாம் இங்ஙனமே பெருகுகின்றன என்று கொள்வோம். முதல் ஆண்டின் முடிவில் 12. இரண்டாம் ஆண்டில் 72. ஐந்தாம் ஆண்டில் 15,552. பத்தாம் ஆண்டில் 12 கோடிக்கு மேல். கொல்லிமலைக் காடு முழுவதும் கோழியாகவே நிறைந்திருக்க வேண்டுமன்றோ? அங்ஙனம் நிறையவில்லை. ஆகவே பிறந்தவற்றுள் மிகப் பல, குஞ்சு பொரிக்கும் பருவம் எய்துமுன்னரே மாய்கின்றன என்பது பெறப்படும்.

மாய்வன எவை, பிழைப்பன எவை? 1838இல் மால்த்தஸின் நூலைப் படித்தபோது டார்வினுக்குத் தோன்றிய வினா இதுவே. ஒரு தாய் வயிற்றுக் குஞ்சுகளும் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஒன்றின் நிறம் சருகோடு ஒன்றுகிறது. மற்றொன்றின் நிறம் தனித்துத் தோன்றுகிறது. பருந்தின் கண்ணுக்கும் கீரியின் மூக்கிற்கும் முந்தி இரையாவது பின்னதே. பிழைத்தது தன் நிறத்தைக் குஞ்சுகளுக்குத் தருகிறது. இங்ஙனம் ஆயிரமாயிரம் தலைமுறை கழியின், காட்டுப்பெட்டையின் உடல் முழுதும் சருகின் வண்ணம் படிந்துவிடுகிறது. பெட்டை சருகாக வேண்டும் என்று முயன்றதில்லை. சருகைப்போல் இல்லாதவை கழிக்கப்பட்டன. இதனையே இயற்கைத் தேர்வு என்றார் டார்வின். முயற்சியால் மாறிப் பின் மரபு என்றார் லாமார்க்கு. மாறுபாடு முன், தேர்வு பின் என்றார் டார்வின். இருவர்க்கும் உள்ள வேற்றுமை இவ்வளவே. ஆயினும் இது மலையும் மடுவும் போன்றது.

இதே உண்மையை மலேயத் தீவுகளில் பறவைகளும் வண்டுகளும் சேகரித்து வந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் என்பாரும் தனியே கண்டார். ஒவ்வொரு புதிய ஜாதியும், தன்னை நெருங்க ஒத்த பழைய ஜாதி ஒன்றிற்கு அருகிலேயே, அதனையடுத்த காலத்திலேயே தோன்றியுள்ளது என்று 1855இல் அவர் எழுதினார். அக்கட்டுரையின் சிறப்பை டார்வினுக்கு எடுத்துக் கூறியவர், கல்கத்தாவில் ஆசியச் சங்கத்துக் காட்சிசாலையைப் பாதுகாத்து வந்த எட்வர்டு ப்ளைத் ஆவர். 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் டார்வின், வாலேஸ் இருவர் கட்டுரைகளும் லண்டனில் லின்னேயர் பெயரால் அமைந்த சங்கத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பரில் டார்வினுடைய 'ஜாதிகளின் தோற்றம்' என்னும் நூல் வெளிவந்தது.

வாலேஸ் கூறிய நியதியை நம் ஜில்லாக்களின் நில அமைப்பே விளக்கும். கடல் நடுவே தீவுகள்போலச் சமவெளியின் நடுவே சேர்வராயன் மலையும், போதமலையும், கொல்லிமலையும் தனித்தனியே நிற்கின்றன. குளிர்ந்த நிழலும் ஈரப்பாறையும் பழகிய சிறு பிராணி ஒன்று, வெயில் எரிக்கும் சமவெளியைக் கடந்து அடுத்த மலை ஏறுதல் அரிது. பிரிந்தவை பிரிந்தவாறே தலைமுறைகள் பல கழியின் வெவ்வேறு ஜாதிகளாகும். ஏற்காட்டுப் பாறைகளில் வாழும் ஒருவகைச் சிறு பல்லி, உலகில் வேறெங்கும் அறியப்படாத தனி ஜாதி என்று 2000இல் விவரிக்கப்பெற்று ஏற்காட்டின் பெயரையே பெற்றது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு இரண்டு ஜாதிகள் அதே சேர்வராயன் மலைத்தொகுதியினின்றும், மற்றொன்று சங்ககிரிப் பாறைகளினின்றும் 2019இல் விவரிக்கப்பெற்றன. நெருங்கிய உறவினர் அனைவரும் அண்டை அயலிலேயே இருத்தல் காண்க.

காட்டுக்கோழிகளின் நிலையும் அஃதே. உலகில் காட்டுக்கோழி ஜாதிகள் நான்கே. சிவப்புக் காட்டுக்கோழி வட இந்தியா முதல் பர்மா, சயாம் தேசங்கள் வழியே தென்கிழக்கே பரவியுள்ளது. சாம்பல் நிறக் காட்டுக்கோழி நம் தீபகற்பத்தில் வாழ்வது. மூன்றாவது இலங்கைக்கு உரியது. நான்காவது ஜாவாவிலும் அதனையடுத்த தீவுகளிலும் உள்ள பச்சை நிறக்கோழி. நான்கும் ஒன்றையொன்று அடுத்த நிலங்களிலேயே வாழ்கின்றன. சிவப்புக்கோழி தெற்கே ஏறத்தாழக் கோதாவரிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆதலின் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் விடியலில் கூவுவது சாம்பல் கோழியே. புதுச்சேரி முதலிய இடங்களில் சுற்றிய சொன்னெரா என்னும் பிரெஞ்சு யாத்திரிகர் 1782இல் இதனைப் பற்றி எழுதினார். இன்றும் அதன் சாஸ்திரப் பெயரில் அவர் பெயர் நிலைத்துள்ளது.

நான்கனுள் வீட்டுக்கோழியின் மூதாதை எது? இவ்வாராய்ச்சியில் சென்னை ராஜதானிக்கும் பங்கு உண்டு. இயற்கைத் தேர்வு மிக மெதுவாக நிகழ்வது. ஒருவர் வாழ்நாளில் கண்டு முடிவதன்று. ஆகவே மனிதன் தன் விருப்பப்படி தேர்ந்து வளர்த்த புறாவையும் கோழியையும் டார்வின் சான்றாகக் கொண்டார். லண்டனில் புறா வளர்ப்போர் கூட்டங்கள் இரண்டில் தாமும் ஓர் அங்கத்தினராகச் சேர்ந்தார். பல தேசத்துப் பறவைகளின் தோல்களைப் பாடம் செய்து அனுப்புமாறு பலருக்கும் எழுதினார். 1856இல் அவர் அங்ஙனம் எழுதியவருள் ஒருவர் ஸர் வால்ட்டர் எல்லியட் துரை. அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்தவரும், தென்னிந்திய நாணயங்களை ஆராய்ந்தவருமாகிய இவர், 1821 முதல் 1860 வரை சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்தவர். மால்த்தஸ் ஆசிரியராக இருந்த ஹெய்லிபரிக் கல்லூரியிலேயே இவர் பயின்றது ஒரு வியப்பான பொருத்தம். ஏற்காட்டுக் காடுகளில் அணிலைப்போல் திரியும் ஒரு சிறு பிராணி, சாஸ்திரப் பெயரில் இவர் பெயரையும், 'மூங்கில் அணத்தான்' என்னும் தமிழ்ப்பெயரின் திரிபையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. எல்லியட் துரை அனுப்பிய பறவைத் தோல்களுக்கு 'ஜாதிகளின் தோற்றம்' நூலின் முதல் இயலிலேயே டார்வின் நன்றி கூறியுள்ளார்.

இவ்வாறு திரட்டிய சான்றுகளைக் கொண்டு, வீட்டுக்கோழி வகைகள் அனைத்தும் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றினின்றே தோன்றின என்று டார்வின் முடிவு செய்தார். ப்ளைத் கொண்டிருந்த கருத்தும் அதுவே. காரணங்கள் வலியன. சிவப்புக்கோழியின் குரலும் தோற்றமும் வீட்டுக்கோழியை ஒத்தவை. இரண்டையும் கலந்து பெற்ற குஞ்சுகள் மலடாவதில்லை. அன்றியும், கரிய ஸ்பானியச் சேவலையும் வெள்ளைப் பட்டிறகுப் பெட்டையையும் டார்வின் கலந்து பார்த்தபோது, பிறந்த சேவல் ஒன்றில், பெற்றோர் இருவரிடமும் இல்லாத காட்டுச் சேவலின் செந்நிறம் தோன்றிற்று. மறைந்த மூதாதை பேரனிடத்து முகங்காட்டியது போலும்! சாம்பல் கோழியோ குரலால் வேறுபட்டது. அதன் கழுத்திறகுகளில் மெழுகுத் தகடு போன்ற புள்ளிகள் உண்டு. வீட்டுக்கோழியோடு அது ஈன்ற கலப்புக் குஞ்சுகள் பெரும்பாலும் மலடாயின. ஆதலின் அதற்கு மூதாதை உரிமை இல்லை என்று டார்வின் விலக்கினார்.

எனினும் அவர் கொள்கையில் ஒரு குறை இருந்தது. பெற்றோர் குணங்கள் குழந்தையிடம் எவ்வாறு சேர்கின்றன என்பதை அவர் அறியார். பாலும் நீரும் கலப்பதுபோல் அவை கலந்துவிடுமாயின், அரிதில் தோன்றிய ஒரு நல்ல மாறுபாடு சில தலைமுறைகளில் நீர்த்துப்போமே என்று 1867இல் ஜென்கின் என்னும் பொறியியலார் ஆட்சேபித்தார். அதற்குரிய விடை முந்திய ஆண்டே அச்சேறியிருந்தது, படித்துணர்ந்தவர் இலர். மெண்டல் என்னும் துறவி, பட்டாணிச் செடிகளைக் கொண்டு, மரபுக்கூறுகள் கலந்து கரைவதில்லை. தனித்தனி மணிகள்போல் முழுமை கெடாமல் தலைமுறை தாண்டிச் செல்கின்றன என்று காட்டியிருந்தார். 1900இல் அவர் நூல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அவ்விதி பிராணிகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் பேட்ஸன் என்னும் ஆங்கிலேயர் காட்டினார். அவர் கைக்கொண்ட சான்றும் கோழியே. ரோஜாப்பூப் போன்ற கொண்டையுடைய கோழியையும் ஒற்றைக் கொண்டைக் கோழியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் ரோஜாக் கொண்டை. அவற்றைத் தமக்குள் கலந்தால் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று ஒற்றைக் கொண்டையோடு பிறக்கிறது. ஒரு தலைமுறை மறைந்திருந்த குணம் சிறிதும் தேயாமல் திரும்பிற்று.

இனி, கோழியின் காலைக் கவனிப்போம். சில கோழிகளின் காலும் தோலும் மஞ்சள். சிலவற்றிற்கு வெண்மை அல்லது சாம்பல். மஞ்சள் கால் கோழியை வெண்கால் கோழியோடு கலந்தால், ஒற்றைக் கொண்டையைப்போலவே மஞ்சள் ஒரு தலைமுறை மறைந்து மறு தலைமுறையில் தோன்றும். மக்காச்சோளம், பசுந்தழை முதலிய ஆகாரங்களில் உள்ள மஞ்சள் சத்தைத் தோலிலேயே சிதைத்துவிடும் தன்மை வெண்கால் கோழிக்கு உண்டு. மஞ்சள் கால் கோழியின் தோலில் அத்தன்மை குன்றியுள்ளது. சிவப்புக் காட்டுக்கோழியிடத்து இம்மஞ்சள் இல்லை. அங்ஙனமாயின் வீட்டுக்கோழிக்கு அது எங்கிருந்து வந்தது? 2008இல் ஸ்வீடன் முதலிய தேசத்து ஆராய்ச்சியாளர் அம்மரபுக்கூற்றின் எழுத்துக்களைப் படித்து நான்கு காட்டுக்கோழிகளோடும் ஒப்பிட்டனர். அது பெரிதும் ஒத்திருந்தது சாம்பல் காட்டுக்கோழியின் கூற்றோடு! டார்வின் விலக்கிய நம் மலைக்கோழி, வீட்டுக்கோழியின் காலில் தன் முத்திரையைப் பதித்துள்ளது.

இதனால் டார்வின் தோற்றார் என்று சொல்லலாமா? அற்றன்று. 863 கோழிகளின் மரபுத் தொகுதியை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவும், வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே என்கிறது. சீனத்தின் தென்மேற்கு, சயாமின் வடபகுதி, பர்மா ஆகிய நிலங்களில் வாழும் ஒரு கிளை அது. மனிதனோடு ஊர் ஊராகச் சென்ற அக்கோழி, சாம்பல் கோழி வாழும் நாட்டிற்கு வந்தபோது எங்கோ எப்பொழுதோ கலப்பு நேர்ந்தது. கலப்பில் பிறந்தவை பெரும்பாலும் மலடே. ஆனால் 'பெரும்பாலும்' என்பது 'முழுவதும்' ஆகாது. மலடாகாத சிலவற்றின் வழியே மஞ்சள் கால் புகுந்தது. மனிதன் அதனை விரும்பித் தேர்ந்தான், தேர்ந்தது பரவிற்று. டார்வினுடைய முடிவின் ஒரு பகுதி திருத்தம் பெற்றது. அதனைத் திருத்தியதும் மாறுபாடு, மரபு, தேர்வு என்னும் அவருடைய வழியே. பெரியோர் சொல் என்பதற்காக ஒன்றை ஏற்பதும், ஒரு பிழை கண்டவுடன் முழுவதையும் எறிவதும் அறிவியலின் நெறியல்ல.

இவ்வாராய்ச்சி நமக்கு எட்டாத ஏட்டுச்செய்தி அன்று. நாமக்கல் பண்ணைகளில் முட்டையிடும் வெள்ளை லெகார்ன் கோழி, இத்தாலி தேசத்து லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வழங்குவது. அதன் கால் மஞ்சள். முட்டையிடத் தொடங்கியதும் மஞ்சள் சத்துக் கருவிற்குச் சென்றுவிடுவதால் கால் வெளுக்கிறது. கால் வெளுத்த கோழி நன்கு இடும் கோழி என்று பண்ணைக்காரர் மதிப்பிடுவது இதனாலேயே. கொல்லிமலைக் கோழியின் இனத்தினின்று பெற்ற ஒரு பொருள், உலகெலாம் சுற்றி, இத்தாலியக் கோழியின் காலில் ஏறி, அம்மலையடிவாரத்திற்கே திரும்பியிருக்கிறது.

அக்கோழியிடத்தே மனிதத் தேர்வின் வலிமையையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே காணலாம். காட்டுப்பெட்டை ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். லெகார்ன் முந்நூறுக்கு மேலும் இடுகிறது. ஆயின் அது அடைகாக்க மறந்துவிட்டது. அடை படுக்கும் பெட்டை அந்நாட்களில் முட்டையிடாது. ஆகவே அடை படுக்காதவற்றையே மனிதன் தேர்ந்தான். காட்டில் விட்டால் ஒரு தலைமுறையும் நில்லாத பறவை, கூண்டில் கோடிக்கணக்காகப் பெருகியுள்ளது. சூழ்நிலைக்குப் பொருந்துதல் என்பது இன்ன சூழ்நிலைக்கு என்று சுட்டினாலன்றிப் பொருளற்ற சொல் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று இல்லை.

மேலும், தேர்வு என்பது இருக்கும் மாறுபாடுகளினின்று எடுப்பதேயன்றிப் புதிதாகப் படைப்பதன்று. பண்ணைக்கோழிகள் ஒன்றையொன்று அச்சில் வார்த்தாற்போல் ஒத்தவை. ஒன்றைத் தாக்கும் புதிய நோய் எல்லாவற்றையும் தாக்கும். தப்பிப் பிழைக்கும் வேறுபட்ட சில அக்கூட்டத்தில் அரிது. அவ்வேறுபாடுகள் இன்று எஞ்சியிருப்பது சிறுவிடை, பெருவிடை முதலிய நாட்டுக்கோழிகளிடத்தும், மலைக்காட்டுச் சாம்பல் கோழியிடத்துமே. நாட்டுக்கோழி கைவிடப்பட்டுக் குறைவதும், காட்டுக்கோழி சட்டம் தடுத்தும் இறைச்சிக்காகக் கண்ணி வைத்துப் பிடிக்கப்படுவதும் இக்காரணத்தால் பெருநஷ்டமாம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது. இவற்றை ஆராய விரும்பும் இளைஞர்க்குக் கல்லூரியும், பண்ணையும், காடும் ஒரே ஜில்லாவில் அமைந்திருப்பது அரிய வாய்ப்பு.

ஆதலின் நம் மாணவர் பரிணாமக் கொள்கையைப் பரீட்சைக்கு உரிய பாடம் என்று மட்டும் கருதாது, தம் ஊர்க்கோழிகளின் கொண்டையையும் காலையும் இறகையும் எண்ணிக் குறித்து, இரண்டொரு தலைமுறை தொடர்ந்து பார்ப்பாராக. டார்வினுக்கும் பேட்ஸனுக்கும் கைகொடுத்த பறவை அது; அதற்கு வேண்டும் செலவும் ஒரு கைப்பிடித் தானியமே.